மிஸ்பிரிண்ட் காயினா, அடி வாங்குன காயினா? பழைய வெள்ளி ரூபாய் வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரே கேள்வி



போன மாசம் சம்பளம் வந்த மறுநாள், ஆபீஸ்ல என் டீம்ல இருக்கிற தம்பி ஒருத்தர் போனை நீட்டினார்.

"அண்ணா, இதைப் பாருங்க. 1918 வெள்ளி ஒரு ரூபாய். மிஸ்பிரிண்ட் காயின். 38,000 சொல்றாங்க. ரெண்டு வருஷம் வச்சிருந்தா லட்சத்தைத் தாண்டுமாம். கிரெடிட் கார்டுல ஒன்பது மாச இஎம்ஐ போட்டுடவா?"

போட்டோவைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, வழக்கம்போல புடைப்பா இருக்கு. இன்னொரு பக்கமும் அதே தலைதான். ஆனா கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி, பள்ளமா பதிஞ்சிருக்கு. பார்க்க அசத்தலாத்தான் இருந்துச்சு.

"பொறுங்க தம்பி. நேர்ல பார்க்காம, எடை போடாம ஒரு பைசா அனுப்பாதீங்க"ன்னு சொன்னேன்.

இவ்வளவு உறுதியா சொன்னதுக்குக் காரணம், நான் ஏற்கனவே சூடு பட்டவன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, முதல் போனஸ் வந்த சந்தோஷத்துல, ஒரு காயின் கண்காட்சியில விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒண்ணை 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஓரத்துல பிறை வடிவத்துல ஒரு துண்டு இல்லாம இருந்துச்சு. "கிளிப் எரர் சார், ரொம்ப அபூர்வம்"னாங்க. அடுத்த மேஜையில இருந்த வயசான சேகரிப்பாளர் ஒருத்தர் அதை லென்ஸ் வச்சு ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது நாணயச்சாலையில வெட்டுப்பட்டது இல்லை, பட்டறையில வெட்டுனது"ன்னார். அன்னைக்கு அதுல இருந்த வெள்ளியோட மதிப்பு ஐநூறு ரூபாய்கூட வராது.

அன்னைக்கு அவர் எனக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்தார். இந்தக் கட்டுரையோட சாரமே அந்தக் கேள்விதான்: "இந்த உலோகம் எங்க போச்சு?"

வாங்க, படிப்படியா பார்க்கலாம்.

முதல்ல கணக்கு: ஒரு ரூபாய்ல எவ்வளவு வெள்ளி?

எந்த காயினா இருந்தாலும் அதோட அடிப்படை விலை தெரியாம பேரம் பேசக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவோட வெள்ளி ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். ராணி விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள்ல 91.7 சதவீதம் வெள்ளி, மீதி கலப்பு உலோகம்.

11.66 × 0.917 = 10.69 கிராம் சுத்த வெள்ளி.

இரண்டாம் உலகப் போர் நேரத்துல, 1940-ல இருந்து வெள்ளியைப் பாதியா குறைச்சுட்டாங்க. 1940 முதல் 1945 வரை உள்ள ஆறாம் ஜார்ஜ் ரூபாய்ல 50 சதவீதம்தான் வெள்ளி. எடை அதே 11.66 கிராம், ஆனா வெள்ளி 5.83 கிராம்தான். 1947-ன்னு போட்ட, புலி படம் இருக்கிற ரூபாய் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தம் வச்சா ஒட்டிக்கும். நிறைய பேர் இதையும் வெள்ளின்னு நினைச்சு வாங்கிடுறாங்க.

கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய்னு வச்சுக்கோங்க. 1918 ரூபாய்ல இருக்கிற வெள்ளி 1,069 ரூபாய். 1942 ரூபாய்ல 583 ரூபாய். இன்னைக்கு விலையை நீங்களே போட்டுப் பாருங்க. இதுக்கு மேல நீங்க கொடுக்குற ஒவ்வொரு ரூபாயும் "எரர்"ங்கிற அந்த ஒரு வார்த்தைக்காகக் கொடுக்குறது. அப்போ அந்த வார்த்தை உண்மையான்னு பார்க்கணும்ல?

ஒரு ரூபாய் எப்படிப் பிறக்குது?

இது தெரிஞ்சாதான் எது நாணயச்சாலைத் தப்பு, எது வெளியில நடந்த சேதம்னு புரியும்.

வெள்ளியை உருக்கி, உருளையில கொடுத்து நீளமான தகடா இழுப்பாங்க. அந்தத் தகட்டுல இருந்து வட்ட வட்டமா வெறும் வில்லைகளை வெட்டி எடுப்பாங்க. நம்ம வீட்டுல தட்டைக்கு மாவை டம்ளரால வெட்டுவோமே, அதே கதைதான். அப்புறம் அந்த வில்லையோட ஓரத்தை அழுத்தி லேசா உயர்த்துவாங்க. கடைசியா, மேலயும் கீழயும் ஒவ்வொரு அச்சு, சுத்தி ஒரு வளையம். நடுவுல வில்லையை வச்சு ஒரே அடி. ரெண்டு பக்கமும் படம் பதியும். வளையத்துல இருக்கிற பற்கள் காயினோட பக்கவாட்டுல கோடு கோடா பதியும்.

ஆக, தப்பு மூணு இடத்துல நடக்கலாம்: வில்லையில, அச்சுல, அடிக்கும்போது. இந்த மூணுலயும் சேராத எந்தக் குறையும் எரர் இல்லை, சேதம்.

அந்த ஒரே கேள்வி

ஒரு குறையைப் பார்த்ததும் உலோகத்தைத் தேடுங்க.

அச்சுல ஒரு விரிசல் விழுந்தா, அடிக்கும்போது வெள்ளி அந்த விரிசலுக்குள்ள போகும். அதனால காயின்ல அது *மேடா* தெரியும். அதே காயினை யாராவது கீறினா, அது *பள்ளமா* தெரியும். பள்ளத்துல இருந்து தள்ளப்பட்ட வெள்ளி ரெண்டு கரையிலயும் வரப்பு மாதிரி நிக்கும். மேடு உருவாக்க உலோகம் வேணும், வெளியில இருக்கிறவரால கீறி மேட்டை உண்டாக்க முடியாது. ஒட்டலாம், ஆனா ஒட்டுன இடம் லென்ஸ்ல காட்டிக் கொடுத்துடும்.

அதே மாதிரி, உலோகம் குறைஞ்சிருந்தா எடை குறையணும். எடை குறையலைன்னா உலோகம் வேற எங்கயோ நகர்ந்திருக்கு. நகர்ந்த இடத்தைக் கண்டுபிடிங்க.

இதை இப்போ ஒவ்வொரு வகைக்கும் போட்டுப் பார்க்கலாம்.

1. கிளிப்: ஓரத்துல துண்டு இல்லாத காயின்

தகட்டுல ஏற்கனவே வெட்டுன ஓட்டை மேல அடுத்த வெட்டு கொஞ்சம் ஏறி விழுந்தா, வில்லை பிறை வடிவத்துல குறைஞ்சு வரும். இதுல எடை குறையுறது இயல்பு, அதனால எடையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

பார்க்க வேண்டியது *எதிர்ப்பக்கம்*. ஓரத்தை அழுத்தி உயர்த்தும்போது, ஒரு பக்கம் வில்லையே இல்லைன்னா அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல அழுத்தம் சரியா கிடைக்காது. அதனால அங்க விளிம்பு பலவீனமா, தட்டையா இருக்கும். வெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்துகளும் வெட்டை நோக்கி லேசா இழுபட்டு மங்கும்.

நான் வாங்கின காயின்ல எதிர்ப்பக்க விளிம்பு கச்சிதமா இருந்துச்சு. எழுத்துகள் கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி டக்குனு நின்னுச்சு. வெட்டுன முகத்துல அரம் போட்ட கோடுகள். முழு காயினா பிறந்து அப்புறம் வெட்டுப்பட்டதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

2. லக்கி காயின்: கண்ணாடிப் பிம்பம் பதிஞ்சது

தம்பி காட்டினது இந்த வகை. நம்ம நாட்டு காயின் சந்தையில இதுக்கு "லக்கி"ன்னு பேரு, ஆங்கிலத்துல பிராக்கேஜ்னு சொல்லுவாங்க. அடிச்ச காயின் ஒண்ணு கீழ விழாம ஒரு அச்சுலயே ஒட்டிக்கும். அடுத்த வில்லை வரும்போது அதுக்கு ஒரு பக்கம் அச்சு, இன்னொரு பக்கம் ஒட்டிக்கிட்ட காயின். அந்தக் காயினோட முகம் இதுல தலைகீழா, பள்ளமா பதிஞ்சிடும்.

உண்மையான லக்கில, பள்ளமா இருக்கிற பக்கம் வேற எந்த டிசைனும் *எப்பவுமே இருந்ததில்லை*. வெறும் வில்லை மேல நேரா பதிஞ்சது அது. எடை முழுசா இருக்கும். புடைப்பான பக்கம் கூர்மையா இருக்கும், பக்கவாட்டுக் கோடுகள் தெளிவா இருக்கும்.

போலி எப்படி செய்யுறாங்க? ரெண்டு காயினை முகத்தோட முகம் வச்சு, பட்டறை வைஸ்ல இறுக்குறாங்க. ரெண்டுமே வெள்ளி, ஒரே கடினம். அதனால பதிவு ஆழமா விழாது. முதல்ல இருந்த டிசைன் நசுங்கிப்போய் அடியில நிழல் மாதிரி நிக்கும். பின்பக்கமும் அமுங்கி மழுங்கும். கொஞ்சம் கெட்டிக்காரங்க முதல்ல ஒரு பக்கத்தைத் தேய்ச்சு சமமாக்கிட்டு அப்புறம் அழுத்துவாங்க. அப்போ பழைய டிசைன் தெரியாது, ஆனா எடை குறைஞ்சிடும். எந்த வழியில போனாலும் ஒரு இடத்துல மாட்டிக்குவாங்க.

3. ஆஃப் சென்டர்: படம் ஒதுங்கி விழுந்தது

வில்லை சரியா உட்காராம அடி விழுந்தா, படம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறும் வெள்ளி பிறை மாதிரி நிக்கும். வளையத்துக்கு வெளியில இருந்ததால காயின் வட்டம் கெட்டுப் போயிருக்கும், கோடுகளும் முழுசா இருக்காது. ஆனா எடை முழுசா இருக்கும். வெறுமையா இருக்கிற இடத்துல தேய்ச்ச தடம், அரத்தோட தடம் இருந்தா அது வெளியில செஞ்ச வேலை.

4. எழுத்து காணோம்

அச்சோட பள்ளத்துல எண்ணெயும் அழுக்கும் அடைச்சா அந்த எழுத்து சரியா பதியாது. அந்த இடமும் சுத்தி இருக்கிற இடமும் ஒரே பரப்பா, ஒரே மினுமினுப்பா இருக்கும். யாராவது எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தா அந்த இடம் மட்டும் லேசா குழிஞ்சிருக்கும், பளபளப்பு வேற மாதிரி இருக்கும்.

5. தோல் உரிஞ்ச மாதிரி இருக்கிறது

உருக்கும்போது உள்ள அழுக்கோ காத்தோ மாட்டிக்கிட்டா, தகடா இழுத்த பிறகு மேல் அடுக்கு சில நேரம் செதில் மாதிரி உரியும். உரிஞ்ச இடத்துல ஒரே திசையில ஓடுற மெல்லிய கோடுகள் இருக்கும். உளியால பெயர்த்திருந்தா பள்ளத்தோட கரை உயர்ந்திருக்கும்.

6. ரெட்டை எழுத்து

எழுத்து ரெண்டா தெரிஞ்சாலே "டபுள் டை"ன்னு விலை ஏத்துவாங்க. அச்சுலயே ரெட்டையா பதிஞ்சிருந்தா ரெண்டு எழுத்தும் தனித்தனியா, உருண்டு மேடா இருக்கும். அடிக்கும்போது அச்சு லேசா ஆடியிருந்தா எழுத்துக்குப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி ஒரு தட்டையான வெட்டு மட்டும் இருக்கும். இந்த ரெண்டாவது வகை ரொம்ப சாதாரணம், அதுக்குத் தனி விலை கொடுக்காதீங்க.

நம்ம வீட்டு காயின்ல வர்ற சேதங்கள்

நம்ம ஊர்ல வெள்ளி ரூபாய் வெறும் பணமா இருந்ததில்லை. மாலையா கோத்தாங்க, கொக்கி வச்சு கழுத்துல போட்டாங்க, பூஜையில வச்சாங்க. அந்த வாழ்க்கையோட தடங்கள் காயின் மேல இருக்கும்.

* விளிம்புல ஒரு இடத்துல மட்டும் கோடுகள் மறைஞ்சு, உருகின மாதிரி மொத்தையா இருந்தா, கொக்கி பத்த வச்சு எடுத்திருக்காங்க. மேடு இருக்கேன்னு ஏமாறாதீங்க, அது பத்து வச்ச உலோகம்.
* சின்ன முத்திரைக் குத்து, சின்ன வெட்டு இருந்தா, வெள்ளி நிஜமான்னு பார்க்க அந்தக் காலத்து காசு மாத்துற சராப்புகள் போட்ட அடையாளமா இருக்கலாம். வரலாறு இருக்கு, ஆனா எரர் இல்லை.
* ரெண்டு பக்கமும் தலை இருக்கிற காயின் பெரும்பாலும் ரெண்டு காயினைக் கடைஞ்சு பொருத்துனதுதான். விளிம்போட உள்பக்கம் சுத்தி மெல்லிய இணைப்புக் கோடு தெரியும்.
* 1939 ஒரு ரூபாய் அரிதானது. அதனால 1938-ஓட கடைசி 8-ஐ 9-ஆ செதுக்கி விக்கிறவங்களும் இருக்காங்க. கடைசி எண்ணை லென்ஸ்ல பார்க்காம வாங்கவே கூடாது.

எரர்னு சொல்லுவாங்க, ஆனா அது டிசைன்

1862-ன்னு போட்ட விக்டோரியா ரூபாய்ல புள்ளிகள் இருக்கும். அதை "எக்ஸ்ட்ரா டாட் எரர்"னு விக்கிறாங்க. உண்மை என்னன்னா, காயின்ல 1862-ங்கிற ஆண்டை மாத்தாமலே 1874 வரை அடிச்சாங்க. பம்பாய் நாணயச்சாலையில எந்த வருஷம் அடிச்சதுன்னு தெரிய புள்ளிகள் வச்சாங்க. பிற்கால ரூபாய்கள்ல இருக்கிற சின்ன புள்ளி, 'பி' எழுத்து எல்லாமும் பம்பாய் அடையாளம்தான்.

இன்னொண்ணு, 1911 "பன்றி ரூபாய்". ராஜாவோட அங்கியில இருந்த யானை பன்றி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு கிளம்பி, அந்தக் காயினைத் திரும்ப வாங்கி, 1912-ல யானையைத் திருத்தி வெளியிட்டாங்க. சேகரிப்பாளர்கள் விரும்புற காயின்தான், ஆனா அது அச்சடிப்புத் தப்பு இல்லை.

வீட்டுலயே அஞ்சு நிமிஷ டெஸ்ட்

தேவை: 0.01 கிராம் காட்டுற சின்ன எடை மெஷின், பத்து மடங்கு பெருக்கிக் காட்டுற லென்ஸ், ஒரு டார்ச், அதே வகையில ஒரு சாதாரண காயின்.

1. எடை போடுங்க. நல்ல நிலையில 11.66-க்கு ரொம்பப் பக்கத்துல இருக்கணும். நல்லா தேய்ஞ்சது கொஞ்சம் குறையலாம். படம் கூர்மையா இருந்தும் எடை குறைஞ்சா சந்தேகப்படுங்க.
2. விட்டம் அளங்க. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் சுமார் 30.5 மில்லிமீட்டர். நசுக்குன காயின் விரிஞ்சிருக்கும்.
3. விளிம்பைச் சுத்திப் பாருங்க. இணைப்புக் கோடு, அரம், பத்து வச்ச தடம் எல்லாம் அங்கதான் மாட்டும்.
4. டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. மேடா பள்ளமான்னு நிழல் சொல்லிடும்.
5. தண்ணி டெஸ்ட். எடை மெஷின் மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சு பூஜ்யம் ஆக்குங்க. காயினை நூல்ல கட்டி, அடியில தொடாம தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. 11.66 கிராம் காயினுக்கு மெஷின் சுமார் 1.13 காட்டினா, அடர்த்தி 10.3. 91.7 சதவீத வெள்ளிக்கு அதுதான் சரி. எண் தள்ளிப் போனா உலோகமே வேற.

முக்கியமா, கழுவாதீங்க! விபூதி, புளி, பல்பொடி, எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. கறுத்த வெள்ளியை சேகரிப்பாளர் ஏத்துக்குவார், தேய்ச்ச வெள்ளிக்கு விலையைக் குறைப்பார். பிவிசி பிளாஸ்டிக் கவர்லயும் வைக்காதீங்க, நாளாக ஆக காயின் மேல பச்சையா பிசுபிசுக்கும்.

இப்போ பணம் விஷயம்

* கேட்குற விலை, விலை இல்லை. யாரு வேணும்னாலும் ஆன்லைன்ல 5 லட்சம்னு போடலாம். ஏலத்துல அதே வகை காயின் எவ்வளவுக்கு *வித்துச்சு*ன்னு பாருங்க.
* இஎம்ஐ, கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். இந்தப் பொருளை அவசரத்துக்கு வித்தா வாங்குன விலை வராது. வெள்ளி விலை ஏறும்னு நம்பினா சில்வர் இடிஎஃப் இருக்கு, அதுல போலி பயம் இல்லை.
* முன்பணம் கேட்டா போனை வச்சிடுங்க. பழைய காயினை லட்சத்துக்கு வாங்குறோம், ஆனா கமிஷன், வரி முதல்ல கட்டுங்கன்னு ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி மோசடி நடக்குது. இப்படிப்பட்ட வியாபாரத்துல தான் ஈடுபடுறதில்லை, எந்தக் கட்டணமும் கேட்கிறதில்லைன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டிருக்கு.
* வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க. நூறு வருஷம் தாண்டின காயின் 1972 தொல்பொருள் சட்டத்துக்குக் கீழ வரும். அனுமதி இல்லாம ஏற்றுமதி பண்ணக் கூடாது. "கிரேடிங்குக்கு அமெரிக்கா அனுப்பலாம்"னு யாராவது சொன்னாலும் இதை மறக்காதீங்க.

தம்பி கதை என்னாச்சு?

தம்பி எடை மெஷினோட நேர்ல போனார். 10.92 கிராம். ஆனா தலை பக்கம் அவ்வளவா தேயவே இல்லை. அப்போ முக்கால் கிராம் வெள்ளி எங்க போச்சு? லென்ஸ் வச்சுப் பார்த்தா, பள்ளமான பக்கத்து ஓரத்துல, பழைய டிசைனோட ஒரு இலை நசுங்கிப்போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தேய்ச்சவர் ஓரத்தைச் சரியா தேய்க்கலை. "நாளைக்கு வேற ஆள் வாங்கிடுவாங்க"ன்னு சொன்னாங்களாம். "வாங்கட்டும்"னு வந்துட்டார்.

அடுத்த வாரம் சிவகங்கை பக்கம் சொந்த ஊருக்குப் போனவர், அப்பத்தாவோட தகர டப்பாவைத் திறந்து பார்த்திருக்கார். ஒன்பது வெள்ளி ரூபாய். அதுல ஒண்ணுல கிரீடத்துல இருந்து விளிம்பு வரைக்கும் முடி மாதிரி ஒரு மெல்லிய கோடு, மேடா. ராத்திரி பத்து மணிக்கு போட்டோ வந்துச்சு. "அண்ணா, இது எரரா?"

ஆமா, அது அசல் எரர். அச்சுல விழுந்த விரிசல். ஆனா இந்த மாதிரி சின்ன விரிசல் அடிக்கடி பார்க்கிறது, வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான்னு சொன்னேன். உண்மையான எரர் எல்லாமே லட்சம் போகாது நண்பர்களே, இதையும் யாரும் சொல்ல மாட்டாங்க.

"விக்கப் போறீங்களா தம்பி?"

"அப்பத்தா விட்டாத்தானே அண்ணா. தாத்தா முதல் சம்பளத்துல கொடுத்ததாம்."

38,000 மிச்சம். டப்பா அப்படியே இருக்கு. உங்க வீட்டு டப்பாவையும் இந்த வாரம் திறந்து பாருங்க, கழுவாம. அதே 1918 ரூபாயை எடை போட்டு, டார்ச் அடிச்சுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. உங்க காயின்ல சந்தேகம் இருந்தா எடையோட கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திக்கலாம்.